கொண்டலான் தீவில் வளர்ந்த வீடு

கொண்டலான் தீவில் இடிந்து கிடந்த சுவர்கள் தாமாகவே வளரத் தொடங்கியதை முதலில் கவனித்தவள் நம்புத்தாய். அவள் பெரிய கெட்டிக்காரி என்பதால் அல்ல. மத்தியானச் சோற்றுத் தூக்குவாளியை வழக்கமாக வைக்கிற சுவர் போன வாரம் முழங்கால் உயரத்தில் இருந்தது, இந்த வாரம் இடுப்புக்கு வந்திருந்தது, வாளியை எடுக்கப் போனவளுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. பெற்ற மகளின் பாவாடை திடீரென்று ஒருநாள் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்பதைப் பார்க்கிற தாய் எவ்வளவு ஆச்சரியப்படுவாளோ அவ்வளவுதான் அவளும் ஆச்சரியப்பட்டாள். சுவரைத் தடவினாள், விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. சோற்றைத் தின்று முடித்து, கை கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவதுபோல அதன் அடியிலேயே ஊற்றிவிட்டு, படகுத்துறைக்குப் போய் அவித்த கடலை விற்க உட்கார்ந்தாள்.

மூக்கன்வலசைக் கரையில் நின்று பார்த்தால் கொண்டலான் தீவு கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்காது. ஒரு காலத்தில் மூக்கன்வலசைக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் ஓலைக்குடிசை போட்டு, ஆண்கள் மீன் பிடித்தும் பெண்கள் முங்கிப் பாசி எடுத்தும் பிழைத்தார்கள். நம்புத்தாயின் குடிசை நடுத்தீவில் இருந்தது. நல்ல தண்ணீருக்கு ஊற்றுத் தோண்டுகிறேன் என்று அவள் ஒருநாள் குடிசைக்குள்ளேயே மண்ணைப் பறிக்க, தண்ணீர் வரவில்லை, வயிறு பெருத்த ஒரு ஜாடி வந்தது. அதன் உடம்பு முழுக்க எட்டுக் கையையும் விரித்தபடி ஒரு பேய்க்கணவாய் வரைந்திருந்தது. கணவாய் லட்சணமாக இருந்ததால் அவள் அதில் புளி போட்டு வைத்தாள். புளியும் வருஷக்கணக்கில் கெடாமல் இருந்தது. அப்புறம் பவளப்பாறை பார்க்க வந்த ஒரு படித்த கூட்டம் குடிக்கத் தண்ணீர் கேட்டு அவள் குடிசைக்கு வந்தது, ஜாடியைப் பார்த்தது, தண்ணீர் குடிக்க மறந்துபோனது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நம்புத்தாய் வைத்துக்கொண்டது சொந்தப் புளியில்.

தோண்டினார்கள். தோண்டத் தோண்ட வீடு வந்தது, தெரு வந்தது, மழைநீர் ஓடும் வாய்க்கால் வந்தது, சுவரில் சாயம் போகாத மீன்களும் அல்லிக் கொடிகளும் வந்தன. மேற்கே வெகுதூரத்தில் கிரீட் என்று ஒரு தீவாம், நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் மினோவர் என்கிற கடலோடிக் கூட்டம் அங்கே வாழ்ந்ததாம், அதில் வழிதப்பியோ வியாபாரத்துக்கோ வந்த சிலர் கட்டிய ஊர் இது என்று ஒரு பேராசிரியர் சொன்னார். கிடையவே கிடையாது, நம்மாட்கள்தான் அங்கே போய் அவர்களுக்குக் கணவாய் வரையக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்னொரு பேராசிரியர் சொன்னார். இரண்டு பேரும் பத்திரிகையில் மாறிமாறி முட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், தீவில் இருக்கிற குடிசைகளை அகற்ற வேண்டும் என்பது.

அகற்றினார்கள். மூக்கன்வலசைக்குப் பின்னால் உவர்மண்ணில் காலனி கட்டி, ரேஷன் கார்டுக்கு ஒரு வீடு என்று கொடுத்தார்கள். நம்புத்தாயின் புருஷன் சாத்தையாவும் அவன் தம்பியும் ஒரே கார்டில் இருந்ததால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே அறை கிடைத்தது. நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் நம்புத்தாயும் சாத்தையாவும், அந்தப் பக்கம் தம்பியும் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணமும் பிள்ளைகளும் இருந்தார்கள். சேலை கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா? இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் இருமல் வந்தது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்ன மகராசன் இப்படி ஒரு சேலைக்குப் பின்னால் படுத்திருந்தவனாகத்தான் இருப்பான். நம்புத்தாய்க்கு நகை ஆசை இல்லை, நட்டு ஆசை இல்லை; தீவில், தன் இடத்தில், தன் அடுப்பில் மறுபடி சோறு பொங்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மறந்ததும் இல்லை.

அப்புறம் சுற்றுலா வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். இங்கே ஒண்ட வந்த பிடாரி கொஞ்சம் இரக்கமுள்ளது, ஊர்ப் பிடாரிக்கு அவித்த கடலை விற்க அனுமதி கொடுத்தது. சாத்தையா தன் படகுக்குத் தகரக் கூரை போட்டு, நீலச் சாயம் அடித்து, சீட்டு வைத்துச் சுற்றுலாப் படகாக்கினான். சாயங்காலம் கடைசிப் படகில் எல்லோரும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. பொழுது சாய்ந்தபின் தீவில் இருக்கிற உரிமை காவலாளி ராக்கனுக்கும், நாலாயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போனவர்களுக்கும் மட்டும்தான் இருந்தது.

அதனால் சுவர் வளர்ந்த சேதி பரவியதும் எல்லோரும் முதலில் பிடித்தது ராக்கனைத்தான். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, கல்லை யார் கொடுத்தார்கள், எந்தக் கொத்தனார் உடந்தை என்று விசாரணை நடந்தது. விசாரித்தவர் தொல்பொருள் அதிகாரி தயாளமூர்த்தி, காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற எல்லாக் கோளாறும் அவரிடமும் உண்டு. ராக்கன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினான், பெண்டாட்டி மேல் பண்ணினான், கடைசியில் அழுதான். அதிகாரிக்கு மனசு கேட்காமல், ஒருநாள் முழுக்கத் தானே குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுவருக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தார். சுவர் கூச்சப்படவில்லை. ஆள் பார்க்கிறானே என்று நிற்கவும் இல்லை, பார்க்கட்டும் என்று அவசரப்படவும் இல்லை. நகம் வளர்கிற மாதிரி அது பாட்டுக்கு வளர்ந்து, அவர் பென்சிலால் மேலோரத்தில் போட்டிருந்த கோட்டைச் சாயங்காலத்துக்குள் கீழே விட்டுவிட்டு மேலே போயிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வளருது" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு சுவர் வளர்வது அரசாங்க விஷயமாகிவிட்டது.

அரசாங்க விஷயம் என்று ஆனபின் மூக்கன்வலசைக்கு அதில் பயம் போய்விட்டது. வெயில் அடிக்கிறது, கடல் உள்வாங்குகிறது, கொண்டலான் தீவில் சுவர் வளர்கிறது. முதலில் கூட்டம் அள்ளியது. கடன் வாங்கி அஸ்திவாரம் போட்டு அதோடு நிற்கிற குடும்பஸ்தர்கள் தொலைதூரத்திலிருந்தெல்லாம் வந்து, வீட்டு வரைபடத்தைச் சுவரில் ஒற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்களே, இங்கே வீடு தானே கட்டிக்கொள்கிறது, கல்யாணமும் தானே நடக்காதா என்று பெண்ணைப் பெற்றவர்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள். சுவரில் காதை வைத்தால் அரிசி கழுவுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்கத் தனி வரிசை நின்றது. கொத்தனார்கள் மட்டும் தீவின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தபோது சுவர்கள் ஆள் உயரம் தாண்டியிருந்தன. ஜன்னல்கள் வந்துவிட்டன. வாய்க்கால்களுக்கு மூடுகல் வந்துவிட்டது. உடைந்திருந்த சித்திர மீன்களுக்கு வால் முளைத்துவிட்டது. அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. பாழடைந்த நகரம் பார்க்கக் காசு கொடுத்து, படகில் வாந்தியெடுத்து வந்து இறங்கியவர்கள், எதிரே வரிசையாக வெள்ளையடித்த வீடுகளைப் பார்த்தார்கள். எங்கள் ஊர் ஹவுசிங் போர்டு இதைவிடப் பழசாக இருக்கிறதே என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். கூட்டம் குறைந்தது. இடிபாடு என்றால் இடிந்திருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். தோண்டி எடுத்தபோது எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்துக்கு மேல் வளர்வதை அவ்வப்போது வெட்டிவிடச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த வேலை ஊராருக்கே கிடைத்தது. வாரம் தவறாமல் படகில் போய், சுத்தியலாலும் உளியாலும் சுவர்களை மட்டம் தட்டி, பெயர்ந்ததைக் கூடையில் அள்ளிக் கடலில் கொட்டிவிட்டு வருவார்கள். சுவருக்கு முடிவெட்டப் போகிறோம் என்றுதான் ஊரில் சொல்வது. நம்புத்தாயும் போனாள். அவளைப் பெரிய தியாகி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது; கூலி வருகிற வேலை, போனாள். அடுத்தவர் குடிசை இருந்த இடத்துச் சுவர்களை எல்லாம் தயங்காமல் தட்டினாள். தன் குடிசை இருந்த இடத்து வீட்டை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள், மற்றவர்களும் நாத்தனார் விவகாரத்தில் தலையிடாதது மாதிரி அதில் தலையிடாமல் விட்டார்கள்.

ஒருநாள் இனித் தள்ளிப்போட முடியாது என்றானபோது, உளியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டைச் சுற்றி வந்தாள். பேராசிரியர் போட்ட வரைபடம் பலகையில் இருந்தது. அதில் வாசல் கிழக்கே இருந்தது. தோண்டியபோதும் கிழக்கேதான் இருந்தது, அவள் கண்ணால் பார்த்தது. இப்போது கிழக்குப் பக்கம் சுவர் ஒரு விரல் இடம் விடாமல் மூடி வளர்ந்திருந்தது. வடக்கே, அவள் குடிசைக்குத் தட்டிக் கதவு வைத்திருந்த அதே இடத்தில், அதே அகலத்தில், கிழக்கேயிருந்து அடிக்கிற கொண்டல் காற்று அடுப்பை அணைக்காத பக்கமாக, ஒரு வாசல் திறந்திருந்தது. அவள் அதற்குள் தலையைக் குனிந்து போனாள். குடிசைக்குள் நுழையக் குனிந்த அளவுக்குத்தான் இங்கேயும் குனிய வேண்டியிருந்தது, மினோவர்கள் எவ்வளவு உயரமோ. உள்ளே நின்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது: இந்தச் சுவர்கள் செத்தவர்களுக்காக வளரவில்லை. உளி கையிலிருந்து நழுவியது. நின்றபடியே அழுதாள், ஏங்கி ஏங்கி, சேலைத் தடுப்பு இல்லாத இடத்தில் அழுகிற நிம்மதியோடு அழுதாள்.

அன்றைக்குச் சாயங்காலம் படகில் அவள் கூலி வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, என் வீட்டை நான் இடிக்கவில்லை என்றாள். சாத்தையா பயந்த மனுஷன். அவன் பயம் நியாயமான பயம், படகுக்கு உரிமம் கொடுப்பதே அந்தத் தொல்பொருள் அலுவலகம்தான். அரசாங்கத்தை எதிர்த்து எவன் வாழ்ந்தான், படகையும் பிடுங்கினால் பிச்சைதான் எடுக்க வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை புலம்பினான். நம்புத்தாய் சேலையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே குரலைத் தாழ்த்தாமல் பேசினாள்.

"இந்தா பாருங்க, நான் உங்களக் கூப்பிடல. நீங்க படக ஓட்டுங்க. நான் அங்கிட்டுப் போயி அடுப்புப் பத்த வைக்கப் போறேன். பத்த வச்சா அணைக்க மாட்டேன்."

சேலைக்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணம் இருமவே இல்லை.

அடுப்பு என்று அவள் சொன்னதன் அர்த்தம் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், கரைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. காற்று மாறும்போதெல்லாம் குடிசையைப் பெயர்த்து இடம் மாற்றுகிற ஜனம் அது. பெயர்ப்பதற்கு ஒரு முறை உண்டு: அந்த வீட்டுக்காரிதான் முதலில் தன் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும், புகை நின்றபிறகுதான் பிறத்தியார் கை ஓலையில் படலாம். புகைகிற வீட்டின் ஒரு ஓலையை, ஒரு கழியை, வேறு யாரும் தொட மாட்டார்கள். கடன்காரன் தொட மாட்டான், வெட்டுப்பழி உள்ள பங்காளியும் தொட மாட்டான். தொட்டவன் வீட்டில் உலை கொதிக்காது என்பது நம்பிக்கை, தொட்டுப் பார்க்கிற தைரியம் இதுவரை எவனுக்கும் வந்ததில்லை.

இதற்கிடையில், வாராவாரம் வெட்டுவது தண்டச்செலவு என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. சுவர்களை அஸ்திவாரம் வரை வழித்தெடுத்து, மேலே கனமாகச் சிமெண்ட் கொட்டி மூடி, அதற்கு மேலே பழைய மாதிரியே புதுசாக ஒரு இடிபாட்டைக் கட்டிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். அதோடு வெட்டும் வேலை நின்றது, தட்டிய சுவர்கள் எல்லாம் மறுபடி ஆள் உயரம் தாண்டின. தயாளமூர்த்தி ஆட்சேபித்தார் என்றும், ஆட்சேபணை அதிகாரபூர்வமாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது என்றும் சொல்வார்கள். ஐப்பசிப் பிறப்பில், கல் உடைக்கிற இயந்திரமும் சிமெண்ட் மூட்டைகளும் ஏற்றிய மிதவை ஒன்று தீவை நோக்கி வந்தது. சிமெண்டுக்கு அடியில் எந்த வீடும் வளராது என்பது நம்புத்தாய்க்கும் தெரிந்தது.

மிதவை கரை தட்டியபோது நடுத்தீவில் புகை எழுந்துகொண்டிருந்தது. கரையில் பொறுக்கிய பாறைக்கல்லை முக்கோணமாகக் கூட்டி, காய்ந்த உடைமுள்ளை எரித்து, நம்புத்தாய் தன் வீட்டுக்குள் உலை வைத்திருந்தாள். சிமெண்ட் குழைக்க வந்த ஊர்க்காரர்கள் புகையைப் பார்த்தார்கள், மண்வெட்டியைக் கீழே போட்டார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். இயந்திரம் ஓட்டுகிறவனாவது ஓட்டுவான் என்று பார்த்தால் அவன் சாயல்குடிப் பக்கத்துக்காரன், அவனைப் பெற்றவளும் பாசி எடுத்தவள்தான். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, புகை நிற்கட்டும் சார், அப்புறம் எடுக்கிறேன் என்றான். எப்போது நிற்கும் என்று தயாளமூர்த்தி கேட்டார். அதை அந்த அம்மாதான் சொல்ல வேண்டும் என்றான் அவன்.

அவர் வாசலுக்கு வெளியே நின்று அவளிடம் நல்ல விதமாகத்தான் பேசினார். சட்டத்தைச் சொன்னார், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதைச் சொன்னார், காலனியில் தனி வீட்டுக்கு நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். நம்புத்தாய் அரிசியைத் துழாவிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"நீங்க நல்லவுகதான் சார். ஒங்களுக்கு மேல இருக்கவுக சொன்னாக, நீங்க வந்தீக. எனக்கு மேல யாரும் இல்ல, கூரை கூட இல்ல. நான் எங்கிட்டுப் போக?"

ஆனால் அன்றைக்கே ஒரு காரியம் நடந்தது, அவளை ஆதரித்தவர்களுக்கே முகம் சுண்டிப்போனது. அடுப்பு பற்றிய நேரத்திலிருந்து அந்த வீட்டுச் சுவர் வளர்வதை நிறுத்திவிட்டது. அக்கம்பக்கத்துச் சுவர்கள் எல்லாம் கூரைக்கு வளையத் தொடங்கியிருக்க, இது மட்டும் நாலு பக்கமும் மொட்டையாக, மேலே வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. காதை வைத்துக் கேட்டார்கள், அரிசி கழுவுகிற சத்தம் இல்லை. சாமி கைவிட்டுவிட்டது என்றார்கள் சிலர். ஆசைப்பட்டது போதும், அணைத்துவிட்டு வந்துவிடு என்றார்கள் வேறு சிலர். நம்புத்தாயும் சுவரைத் தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பு காய்ந்து இறுகியிருந்தது. அவளுக்கும் ஒரு கணம் திக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தபோது கோபம் கூட வந்தது, சுவர் மேல் அல்ல, தன் மேல். ஆள் இல்லாதபோது அது தன்னால் முடிந்தவரை வளர்ந்தது. ஆள் வந்தபிறகும் அதுவே வளர வேண்டும் என்றால் ஆள் எதற்கு என்று கேட்டாள். அடுப்பில் இன்னொரு முள்ளை ஒடித்துப் போட்டாள்.

சாயங்காலம் கடைசிப் படகு கிளம்பியபோது நம்புத்தாய் ஏறவில்லை, இரவும் புகை நிற்கவில்லை. விறகு தீரும்போது எங்கிருந்தோ விறகு வந்தது. கொண்டுவந்தது பஞ்சவர்ணம். தலையில் உடைமுள் கட்டோடு, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு, சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவே வந்து இறங்கினாள். ஓரகத்தி மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே வாய்பிளந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பதால் பஞ்சவர்ணமே காரணத்தையும் சொல்லிவிட்டாள்: அக்கா இங்கேயே இருந்துவிட்டால் அங்கே சேலையை அவிழ்த்துவிடலாம், பிள்ளைகள் காலை நீட்டிப் படுக்கும். நம்புத்தாய் அதைக் கேட்டு அத்தனை நாளில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். உண்மையைச் சொல்லிக்கொண்டு விறகு கொண்டுவருகிறவளை யாருக்குத்தான் பிடிக்காது.

பயணிகள் மறுபடி பெருகினார்கள். நாலாயிரம் வருஷத்து வீட்டில் ஒருத்தி சோறு வடிக்கிறாள் என்பது இடிபாட்டைவிடப் பெரிய வேடிக்கையாக இருந்தது. ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இது எந்தக் காலத்து உணவு என்று கேட்டார்கள். இன்றைக்குக் காலையில் வைத்த சாளை மீன் குழம்பு என்றாள். சாத்தையா அவர்களைக் கொண்டுவந்து இறக்கினான், ஏற்றிக்கொண்டு போனான், பெண்டாட்டி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. ஊராரும் படகுத்துறையில் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடிசை இருந்த இடம் அவர்களுக்கும் இருந்தது, அங்கேயும் வாசல்கள் திறந்திருந்தன. அவளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுக் காலெடுத்து வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

மேலிடத்துப் பொறுமை தீர்ந்தது. எந்தச் சம்பிரதாயமும் தெரியாத வெளியூர் ஆட்களோடு வேறு இயந்திரம் வரும், அதிகாரி அதற்குள் இடத்தைக் காலி செய்து வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆனால் அவர்களுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. நண்பகலில் கிழக்கே வானம் கறுத்தது, கொண்டல் கிளம்பியது, தீவில் இருந்தவர்கள் துறைக்கு ஓடினார்கள். அடுப்புக்கு மேலே வானம்தான் இருந்தது. நம்புத்தாய் முதலில் முறத்தைப் பிடித்தாள், பிறகு சாக்கைப் பிடித்தாள், பிறகு முட்டிபோட்டு அடுப்பின் மேலேயே குனிந்து முதுகைக் கூரையாக்கிக்கொண்டாள். புகை கண்ணை எரித்தது, அனல் நெஞ்சைச் சுட்டது, முதுகில் மழை கல்லாக விழுந்தது. அணைந்தால் போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அணையாதே, அணையாதே என்று நெருப்பைத் திட்டிக்கொண்டே கிடந்தாள்.

துறையில் ஏதோ பெயர்கிற சத்தம் கேட்டது. சாத்தையா தன் படகில் ஏறி நின்று, வரிசையில் நின்ற பயணிகள் பார்க்க, திருகாணிகளைக் கழற்றப் பொறுமை இல்லாமல் கடப்பாரையால் நெம்பி, தகரக் கூரையை அப்படியே பெயர்த்துக்கொண்டிருந்தான். கூரை இல்லாத படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்ற முடியாது என்பது அவனுக்குத் தெரியாதா? தம்பி ஒரு பக்கம் பிடிக்க, ராக்கன் ஒரு பக்கம் பிடிக்க, அந்த நீலத் தகரத்தைத் தலையில் சுமந்துகொண்டு, காற்று பிடுங்கப் பார்க்க, நாலாயிரம் வருஷத்துத் தெரு வழியாக நடந்து வந்தார்கள். சுவர்கள் நின்ற உயரமும் அகலமும் அந்தத் தகரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தன. ஏற்றி வைத்து, நாலு மூலையிலும் கல்லைப் பாரம் வைத்ததும், மழை வெளியே போய்விட்டது. உள்ளே ஒரு கங்கு மட்டும் மிச்சம் இருந்தது. சாத்தையா மண்டியிட்டு அதை ஊதினான். நம்புத்தாய் அவன் முதுகை ஒருமுறை தொட்டுவிட்டு உலையில் தண்ணீர் ஊற்றினாள், மழை கரைத்த தரையை மறுபடி மொழுகினாள்.

தயாளமூர்த்தி மழையோடு மழையாக நடந்து வந்தார். கையில் உத்தரவு இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது; அவர்தான் நனைந்திருந்தார். துறையில் ஒதுங்கியிருந்த ஊர் முழுக்க எழுந்து அவர் பின்னால் வந்து, தெருவிலேயே மழையில் நின்றது. அவர் வடக்கு வாசலில் நின்றார். உள்ளே அடுப்பு எரிந்தது, கருப்பட்டிக் காப்பி கொதித்தது, தகரத்தின் மேல் மழை இரைந்தது. காலி செய்யுங்கள் என்று சொல்வதற்கு அவர் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார்.

நம்புத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. நேரங்கெட்ட நேரத்தில் வந்த விருந்தாளியிடம் எந்த வீட்டுக்காரியும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"செருப்ப வாசல்ல விட்டுட்டு வாங்க சார். இப்பத்தான் மொழுகுனேன்."

அந்த இடத்தில் அவர் எத்தனை தடவை நின்றிருக்கிறார், எத்தனை மந்திரிகளையும் வெள்ளைக்காரர்களையும் அழைத்துவந்து நிறுத்தி விளக்கியிருக்கிறார். எல்லோரும் பூட்ஸ் காலோடுதான் நின்றார்கள், அவரும் அப்படித்தான். ஒருநாளும் உறுத்தியதில்லை. இப்போது சேறு அப்பிய தன் காலையும் ஈரம் காயாத தரையையும் மாறிமாறிப் பார்த்தார். தெருவில் நின்ற ஊர் மூச்சுவிடாமல் அவர் காலைப் பார்த்தது.

வைத்த காலை அவர் வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, நனைந்து இறுகியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முதல் பூட்ஸ் கழன்று வாசலில் விழுந்ததும், பின்னால் நின்ற ஜனம், அடுப்புக்குக் கல் பொறுக்க மழையில் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்து போனது.